பயமும் வெட்கமும் கூட முதலே



சில மாதங்களுக்கு முன்பு நம் பகுதியில் நடந்த வணிகர் கூட்டம் ஒன்றில், சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல குரல், நல்ல கதைகள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன், என் கடையில் கூட்டம் அலைமோதுகிறது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்றார். கவலை, பயம், கோபம், பொறாமை ஆகியவற்றைக் கடைவாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நாமும் தட்டினோம். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கிராமத்தில் சிறிய மளிகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் நம் தோளைத் தொட்டு, "அண்ணே, அரிசி மண்டிக்கு 86,000 ரூபாய் பாக்கி நிக்குது. இதக் கண்ணாடி முன்னாடி நின்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி இரண்டு நாட்கள் நம்மைத் தூங்கவிடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

நம்பிக்கையூட்டும் பேச்சுகளையும் நூல்களையும் நாம் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்கப் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952-ல் இந்தப் பொருளில் எழுதிய நூல் உலகமெங்கும் விற்றது. தமிழில் டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தி எழுதிய 'எண்ணங்கள்' நூலைப் படித்துத் தொழில் தொடங்கியவர்கள் நம்மிடையே உண்டு. நம் கல்லாப்பெட்டி மேலேயே அந்தப் புத்தகம் பல ஆண்டுகள் கிடந்தது. தோற்றுப்போய் மூலையில் உட்கார்ந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட அத்தகைய எழுத்து வேண்டும். ஆனால் கடையைத் தினமும் திறந்து மூடுகிறவனுக்கு அது மட்டும் போதுமா என்பதே நம் கேள்வி. பயம் வந்தால் துரத்து, வெட்கம் வந்தால் மற, கோபம் வந்தால் விழுங்கு என்கிறார்களே, அவை எதற்காக வந்தன என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் துரத்தினால் என்ன? கடைக்கு வருகிற தபாலைப் பிரித்துப் படிக்காமல் கிழித்துப் போடுகிறவனை நாம் கெட்டிக்காரன் என்று சொல்வோமா?

ஜெர்மனியைச் சேர்ந்த உளவியல் பேராசிரியை காப்ரியேல் எட்டிங்கன் இதை ஆராய்ந்திருக்கிறார். படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தார்கள். 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டதைப் போல அடிக்கடி இனிய கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலைவாய்ப்பும் குறைவு, கிடைத்த சம்பளமும் குறைவு. ஆனால் முன் அனுபவத்தை வைத்து "நமக்குக் கிடைக்கும்" என்று கணக்குப் போட்டு நம்பியவர்கள் நன்றாகவே வந்தார்கள். ஆக, பட்ட அனுபவத்தில் பிறந்த நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. தீபாவளிச் சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தது போல ஆவணி மாதமே மனதுக்குள் லாபத்தை எண்ணி முடித்துவிட்டவன், ஐப்பசியில் கடைவாசலில் நின்று வாடிக்கையாளரைக் கூப்பிடுவானா? அவன் மனம்தான் ஏற்கெனவே சாப்பிட்டு ஏப்பம் விட்டாயிற்றே!

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம்.

2018 நவம்பரில் கஜா புயல் வருகிறது என்று வானொலியும் தொலைக்காட்சியும் நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. நாம் என்ன செய்தோம்? நேர்மறையாகச் சிந்தித்தோம்! "நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறும், நம்மூர் வருவதற்குள் வெறும் மழையாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு வழக்கம்போல் ஒன்பதரை மணிக்குக் கடையை அடைத்தோம். நமக்கு இரண்டு கடை தள்ளி இருந்தவரைத் தெருவில் எல்லோரும் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்வது வழக்கம். அவர் அன்று பிற்பகலிலேயே ஆட்களை வைத்துத் தகரக் கொட்டகையில் அட்டி போட்டிருந்த மூட்டைகளைக் காரைக் கட்டடத்துக்கு மாற்றினார். அடியில் பலகை போட்டார். இரண்டு பெட்டி மெழுகுவர்த்தியும் ஒரு பண்டல் தீப்பெட்டியும் கூடுதலாக வாங்கி வைத்தார். நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

16-ஆம் தேதி அதிகாலையில் புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரை கடந்து, பலம் குறையாமல் நம் மாவட்டத்துக்குள் புகுந்தது. விடிந்து பார்த்தால் நம் குடோனின் மேல் தகரத்தைக் காணோம். சர்க்கரை 14 மூட்டை பாகாகப் போயிருந்தது. ரவையும் மைதாவும் களியாகிக் கிடந்தன. மின்சாரம் வர நம் பகுதியில் பல நாட்கள் ஆயின, சில கிராமங்களில் வாரக்கணக்கில் ஆயின. அந்த நாட்களில் நம் தெருவில் வியாபாரம் நடந்த கடை அந்தப் பயந்தாங்கொள்ளியின் கடைதான். மெழுகுவர்த்தியை அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா கூட்டாமல் விற்றார். கேட்டதற்கு, "கூட்டி வித்தா அடுத்த மாசம் இவுக மூஞ்சில எப்படி முழிக்கிறது? பயமா இருக்குங்க" என்றார். அவருக்கு அதற்கும் பயம்!

கூரை போனதும் சர்க்கரை போனதும் சிறிய நஷ்டம்தான். பெரிய நஷ்டம் மெதுவாக வந்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தது நாம் அறிந்ததே. தென்னங்கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நம் கடன் நோட்டில் பெயர் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் தேங்காய் வெட்டினால்தான் நமக்குப் பணம் கொடுக்க முடியும் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. அதுவரை, "நம்ம ஆளுங்க, எங்க போயிடப் போறாங்க" என்று நல்லெண்ணத்தோடு எழுதிக்கொண்டே போனோம். அவர்கள் எங்கும் போகவில்லை. மரம்தான் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஒரே பயிரை நம்பியவர்களுக்கு ஒரே நோட்டில் இவ்வளவு கடன் எழுதுகிறோமே என்று நாம்தான் முன்பே பயந்திருக்க வேண்டும்.

மனிதனுக்கு நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் இழக்கும் வலி ஏறக்குறைய இரு மடங்கு பெரிது என்பதை டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் ஆராய்ந்து சொன்னார்கள். அவர்களின் முதல் கட்டுரை 1979-ல் வந்தது, கானமனுக்கு 2002-ல் நோபல் பரிசும் கிடைத்தது. கடைக்காரனுக்கு இதை நோபல் பரிசு வாங்கியவர் வந்து சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் இந்த வலியைக் காரியத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு கேரி கிளைன் என்ற மற்றோர் அமெரிக்க உளவியலாளர் 2007-ல் ஒரு வழி சொன்னார். ஒரு காரியம் தொடங்கும் முன்பே அது அடியோடு தோற்றுப்போய்விட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு காகிதத்தில் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அபசகுனம் என்று நம் பெரியவர்கள் வாயை மூடச் சொல்வார்கள். இருந்தாலும் 2019 முதல் புதுக்கணக்கு போடும் நாளன்று, மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி கும்பிட்டு முடித்தபின், நம் வீட்டில் இதைச் செய்துவருகிறோம். "இந்த வருடக் கடைசியில் நம் கடை பூட்டிக் கிடக்கிறது. ஏன்?" இதுதான் கேள்வி.

முதல் ஆண்டு நாம் எழுதியது: பக்கத்தில் பெரிய கடை வந்துவிட்டது. மகன் எழுதியது: பழைய வயரிங், மின்கசிவு. மருமகள் எழுதியதைப் படித்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனோம். "மாமாவின் கையெழுத்து மாமாவைத் தவிர யாருக்கும் புரியாது. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று யாருக்கும் தெரியாது." அன்று அவர் மேல் நமக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவரே உட்கார்ந்து பாக்கிப் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டார். 2021-ல் கொரோனா கண்டு நாம் மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் படுத்தபோது, கொள்முதலும் வசூலும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நல்லதையே நினைத்திருந்தால் அந்தப் பட்டியல் பிறந்திருக்குமா?

இன்டெல் என்ற உலகப் பெரும் கம்பெனியை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் 1996-ல் எழுதிய நூலின் தலைப்பே, எந்நேரமும் ஆபத்தை எண்ணி விழித்திருப்பவனே பிழைப்பான் என்ற பொருளில் அமைந்தது. அவ்வளவு பெரிய முதலாளிக்கே பயம் வேண்டியிருந்தபோது, ஜி.எஸ்.டி., வாடகை, மின்கட்டணம், காலாவதித் தேதி என்று நாலாபக்கமும் இடி வாங்கும் நமக்குப் பயமே கூடாது என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது வெட்கம். இதில் நம் மாவட்டமே ஒரு பாடம்.

1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது இன்றைய இளம் வியாபாரிகள் பலருக்குக் கதையாகத்தான் தெரியும். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். மாலை நேரங்களில் ஊர் ஊராகத் தொண்டர்கள் போய், கல்லுடைக்கிற பெண்களுக்கும் வயல்வேலைப் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு சைக்கிள் ஓட்டவும் பழக்கினார்கள். தெருவில் போகும் பெண்ணைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் இருந்தார்கள். கடைத்திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்களில் நம் வணிக நண்பர்களும் சிலர் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அவர்கள் விழுந்தார்கள், முழங்கால் தேய்ந்தது, மறுநாளும் வந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் நகர வீதிகளில் வந்ததும், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டியதும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு நாடு முழுவதும் தெரிந்தது. நகரின் சைக்கிள் வியாபாரி ஒருவர் கடையில் ஒரே ஆண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதத்துக்கு மேல் கூடியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வியாபாரிகளாகிய நமக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

கைநாட்டு வைப்பதும், பஸ்ஸில் ஏறுமுன் "இது எந்த ஊரு போகுது?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதும் எவ்வளவு வெட்கம் என்று அந்தப் பெண்களே நம் கடையில் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த வெட்கத்தை அடக்கிக்கொண்டு, "எனக்கு எல்லாம் தெரியும், நான் வெற்றியாளர்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தால் கைநாட்டு கைநாட்டாகவே இருந்திருக்கும். அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரவைத்ததில் வெட்கத்துக்கும் பங்கு உண்டு என்பது நம் எண்ணம்.

ஆனால் இந்தப் பாடத்தின் மறுபாதி நம் கடையில்தான் நடந்தது. அதுவரை கிராமத்து வாடிக்கையாளர்களைப் பொறுத்தமட்டில் நாம் எழுதியதுதான் கணக்கு. நோட்டு நம்மிடம், பேனா நம்மிடம், எழுத்தும் நம்மிடம். 1992-ல் ஒருநாள், பல ஆண்டுகளாகப் பற்று வைத்திருந்த ஓர் அம்மாள் வந்தார். வழக்கமாக "எவ்வளவு ஆச்சு தம்பி?" என்று கேட்டு, நாம் சொல்வதை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். அன்று நோட்டை வாங்கிப் பிரித்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நமக்குப் பொறுமை போயிற்று. "சீக்கிரம்மா" என்றோம். அவர் தலையைத் தூக்கவில்லை. பிறகு, "இங்ஙன பாருங்க தம்பி. வெல்லம் ரெண்டு கிலோ. செவ்வாக்கெழம ஒருக்கா எழுதியிருக்கீக. கீழ அதே செவ்வாக்கெழம இன்னொருக்கா எழுதியிருக்கீக. நா ஒரு தடவதான வாங்குனேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் நம்மைக் கொன்றது.

உண்மையைச் சொன்னால் அது கைத்தவறுதான். நெரிசலில் இரண்டு முறை எழுதிவிட்டோம். ஆனால் நிற்கிறவர்களின் முகத்தில் அப்படித் தெரியவில்லை. முதலில் நமக்கு வந்தது கோபம். "நாலு எழுத்து படிச்சதும் வந்துட்டாங்க" என்று வாய்வரை வந்தது. கல்லாவில் இருந்த நம் தகப்பனார் எதுவும் பேசவில்லை. அந்தத் தொகையை அடித்து, கையொப்பமிட்டு, அந்த அம்மாளிடம் "தப்பு எங்களுதும்மா" என்றார். இரவு கடையை அடைத்த பிறகு வீட்டுக்குப் போகாமல், இருக்கிற கடன் நோட்டு அத்தனையையும் எடுத்துப் போட்டு, நாள்வழிக் குறிப்போடு ஒத்துப்பார்க்க உட்கார்ந்தார். நம்மையும் உட்கார வைத்தார். விடிய மூன்று மணிக்கு முடிந்தது. மொத்தம் 11 தவறுகள். அவற்றில் 7 நமக்குச் சாதகம், 4 வாடிக்கையாளருக்குச் சாதகம். ஏழையும் அடித்துத் திருத்தினார். நாலை அப்படியே விட்டுவிடச் சொன்னார். மறுநாள் முதல் ஆளுக்கு இரண்டு நோட்டு, ஒன்று கடையில், ஒன்று அவர்கள் கையில். எழுதும்போது இரண்டிலும் எழுத வேண்டும். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. அந்த அம்மாளின் பேரன் இன்று நம்மிடம்தான் கல்யாணச் சாமான் எடுக்கிறார்.

தகப்பனார் அன்று இரவு வீட்டுக்குப் போய், "நாம் நல்லவர்கள், நம் கணக்கு நேர்மையானது" என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருந்தால்? தூங்கியிருக்கலாம், அது பொய்யும் அல்ல. மறுநாள் காலை வெட்கம் ஆறியிருக்கும். 11 தவறுகளும் நோட்டிலேயே இருந்திருக்கும். சூடு இருக்கும்போதே, அன்று இரவே அதைக் கைவேலையாக மாற்றினார் பாருங்கள், அதைத்தான் நாம் சொல்ல வருகிறோம். எந்தப் பயிற்சி வகுப்பும் அவர் போனதில்லை.

பொறாமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய கடையைப் பார்த்தால் வயிறு எரிகிறதா? எரியட்டும். ஆனால் டீக்கடையில் நின்று எரிவதைவிட, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குள்ளேயே போய் எரிவது மேல். எந்தச் சாமானை முன்னால் வைத்திருக்கிறான், எதை நம்மைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறான், பில் போடும் இடத்தில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிட்டு வரலாம். நாம் போய்ப் பார்த்தோம். பருப்பு வகையில் நம் விலையே குறைவு என்று தெரிந்தது. ஆனால் நம் கடையில் அதை யாரும் பார்க்க முடியாதபடி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தோம்! விலைப்பலகை எழுதி வாசலில் மாட்டினோம்.

கோபம்தான் சிக்கலானது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. திருக்குறளைப் புரட்டினால், தீய செயலுக்கு அஞ்சுவதற்குத் 'தீவினையச்சம்' என்றும், வெட்கப்படுவதற்கு 'நாணுடைமை' என்றும் தனித்தனி அதிகாரங்கள் வைத்துப் போற்றிய வள்ளுவர், கோபத்துக்கு வரும்போது 'வெகுளாமை' என்றுதான் அதிகாரம் வைத்தார். ஆகவே கோபத்தைப் புகழ நமக்குத் துணிவில்லை. ஆனால் வணிகர் கோபம் என்ன செய்யும், எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று உண்டு.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் கடல் வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்த காலம். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதால் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். வேறொருவராக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். வ.உ.சி. பம்பாய்க்குப் போனார், கம்பெனிக்குச் சொந்தமாகக் கப்பல் வாங்காமல் திரும்புவதில்லை என்று நின்றார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. இது வெறும் நல்லெண்ணத்தால் நடந்த காரியம் என்று யாராவது சொன்னால் நாம் நம்பமாட்டோம். அவமதிக்கப்பட்டவனின் கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபம் கல்லெடுத்து எறியாமல் 25 ரூபாய்ப் பங்குப் பத்திரமாக மாறியதுதான் அதிசயம்.

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். அவர்கள் மேலும் குறைத்தார்கள். கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போவதாகவும், ஏறுகிறவர்களுக்குக் குடை இலவசம் என்றும்கூட அறிவித்ததாக வரலாறு சொல்கிறது. இன்று செல்போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து, முதல் ஆர்டருக்கு நூறு ரூபாய் தள்ளுபடி என்கிறார்களே, அவர்களுக்கு அந்தக் குடைதான் பாட்டன்! 1908-ல் வ.உ.சி. சிறை போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கோபம் கப்பலை வாங்கித் தரும். நஷ்டத்துக்கு விற்கிறவனோடு மல்லுக்கட்ட அது மட்டும் காணாது, பண இருப்பு வேண்டும், கூட்டு வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்றால், நம் வணிகர் பலரும் தள்ளுபடிக் கம்பெனிகள் மேல் இருக்கும் கோபத்தைத் தவறான ஆளிடம் காட்டுகிறார்கள். சூப்பர் மார்க்கெட் பையோடு வந்து ஒரு ரூபாய் ஷாம்பு கேட்கும் வாடிக்கையாளரிடம், "அதையும் அங்கேயே வாங்க வேண்டியதுதானே?" என்று முகத்தைத் திருப்புகிறார்கள். அந்த அம்மா அப்புறம் ஷாம்புக்கும் வரமாட்டார். அதே கோபத்தில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லாரியில் எண்ணெயும் பருப்பும் இறக்கினால் மூட்டைக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று இதுவரை எத்தனை பேர் கணக்குப் போட்டிருக்கிறோம்? மே 5 வணிகர் தினத்துக்கு வேனில் ஏறிப் போகும் நாம் இந்தக் கணக்கைப் போட ஒரு மாலை உட்காரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், நாம் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொண்டு யாரும் கெடக்கூடாது. பயமும் வெட்கமும் சரக்கு மாதிரிதான், வந்தவுடன் வெளியேற வேண்டும், குடோனில் தங்கினால் புழுத்துவிடும். முக்கியமாகக் கடன் வெட்கம். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று கந்துவட்டிக்கு மேல் கந்துவட்டி வாங்கி, மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் உயிரை விட்ட வியாபாரிகளின் வீட்டுக்கு நாம் துக்கம் கேட்கப் போயிருக்கிறோம். கடன் பட்டியலைப் பார்த்தால் அடைக்கக்கூடிய தொகையாகத்தான் இருக்கும். அதீத வட்டி வாங்குவதைத் தடை செய்ய 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தொடர்ந்து பல நாட்கள் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், விபரீத எண்ணம் வந்தால் அதை உபயோகப்படுத்தப் பார்க்கக் கூடாது. வீட்டில் சொல்லுங்கள், சங்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் ஆலோசனை கிடைக்கிறது.

கண்ணாடி முன் நின்று எப்படிச் சொல்வது என்று கேட்ட உறுப்பினருக்கு வருவோம். மூன்றாம் நாள் நாமே அவர் கடைக்குப் போனோம். மண்டிக்காரரின் கண்ணில் படக்கூடாது என்று அவர் ஆறு வாரமாகக் கடைவீதிக்கே வராமல், வேறோர் ஊரில் அதிக விலைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அதில் மட்டும் மூட்டைக்கு 40 ரூபாய் கூடுதல் நஷ்டம். "பயமா இருக்குண்ணே, அவர் முகத்தப் பாக்கவே வெட்கமா இருக்கு" என்றார். நல்லது, அதையே அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றோம். ஒரு தாளில் வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி இரண்டையும் எழுதினோம். வரவேண்டியது 61,000 இருந்தது. அவரே அசந்துபோனார். வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த பிறகு மண்டிக்குப் போனார். மண்டிக்காரர் அரை மணி நேரம் சத்தம் போட்டாராம். பிறகு காபி வாங்கிக் கொடுத்து, மூன்று தவணை போட்டுக்கொண்டாராம். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. மூன்றாவது தைப் பொங்கலுக்கு முன்பு. அரிசி பழையபடி அந்த மண்டியிலிருந்துதான் இறங்குகிறது.